ஏறும் என்றேன், ஏறியது, பணம் மட்டும் போய்விட்டது

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் ஈரோட்டைச் சேர்ந்த 29 வயதுக்காரர். பிட்காயின் ஏறும் என்று கணித்து, 50 எக்ஸ் லிவரேஜில், அதாவது கைப்பணத்தைப் போல 50 மடங்கு தொகைக்கு, பியூச்சர்ஸ் (விலை ஏறும், இறங்கும் என்பதன் மீதான ஒப்பந்தம்) எடுத்திருக்கிறார். பிட்காயினும் ஏறியிருக்கிறது. ஆனாலும் நான்கு முறை லிக்விடேட் ஆகி, அதாவது நஷ்டம் எல்லையைத் தொட்டதும் எக்ஸ்சேஞ்ச் (வாங்கி விற்கும் தளம்) தானே ஒப்பந்தத்தை மூடிவிட, 3,80,000 ரூபாய் போய்விட்டது. மனைவிக்குத் தெரியாது. "மனைவியின் 6 பவுன் சங்கிலியை அடகு வைத்து, இந்தத் தடவை நிதானமாக ஆடினால் விட்டதைப் பிடிக்க முடியுமா? கணக்கில் இன்னும் 11,000 ரூபாய்க்கு யுஎஸ்டிடி (டாலர் மதிப்பில் நிற்கும் காயின்) இருக்கிறது" என்று கேட்கிறார்.

அடகு வைக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி நேரத்தில் நீளமான பதிலை யாரும் கடைசிவரை படிப்பதில்லை, நானும் படித்ததில்லை. மதுரையில் வரிக்கணக்கு பார்ப்பது என் தொழில். நான்கைந்து வருடமாக கிரிப்டோ கணக்கோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன் நானே அந்தக் கூட்டத்தில் ஒருவனாக இருந்தேன், அந்தக் கதை கீழே வருகிறது.

உங்கள் கேள்வியில் எனக்கு உறுத்திய இடம், "பிட்காயினும் ஏறியது" என்பதுதான். கணிப்பு தப்பாகிப் பணம் போயிருந்தால் நீங்கள் இந்நேரம் விலகியிருப்பீர்கள். கணிப்பு பலித்தும் பணம் போனதால்தான் விட முடியவில்லை. 'நான் நினைத்தது சரிதானே, இன்னும் கொஞ்சம் மார்ஜின் இருந்திருந்தால் தாக்குப் பிடித்திருக்குமே' என்று மனம் திரும்பத் திரும்பச் சொல்லும். அந்தக் 'கொஞ்சம் மார்ஜின்'தான், அதாவது ஈடாகக் கட்டும் கைப்பணம்தான், இப்போது சங்கிலி வடிவில் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது.

கணக்கைப் பார்ப்போம். கையில் 40,000 ரூபாய். 50 எக்ஸ் வைத்தால் 20 லட்சம் ரூபாய்க்கு பொசிஷன், அதாவது ஒப்பந்தம். பிட்காயின் ஒரு லட்சம் டாலரில் இருக்கும்போது லாங் (ஏறும் என்ற பந்தயம்) எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 2% இறங்கினால் உங்கள் 40,000 முழுதும் தீரும். ஆனால் எக்ஸ்சேஞ்ச் அதுவரை காத்திருக்காது. பராமரிப்பு மார்ஜின் என்று ஒன்று உண்டு, பொசிஷன் திறந்திருக்க எப்போதும் மிச்சமிருக்க வேண்டிய தொகை, பிட்காயினுக்குப் பெரும்பாலும் 0.4 அல்லது 0.5 சதவீதம். 0.4 என்றே வைத்தால், 1.6% இறங்கியதும், அதாவது 98,400-க்கு வந்ததும், பொசிஷனைப் பிடுங்கிவிடுவார்கள். பிட்காயினுக்கு 1.6% என்பது ஒரு செய்தியே கிடையாது. நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் அவ்வளவு இறங்கி, அவ்வளவு ஏறிவிடும்.

ஊர் போய்ச் சேருகிற பஸ்ஸில்தான் ஏறினீர்கள், பஸ்ஸும் ஊர் போய்ச் சேர்ந்தது. உங்களை மட்டும் முதல் வேகத்தடையிலேயே இறக்கிவிட்டார்கள். டிக்கெட் காசு திரும்பி வராது.

அதே 40,000-ஐ இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். விலை 1.6% மேலே போனால் எவ்வளவு லாபம்? 20 லட்சத்தில் 1.6%, அதாவது 32,000. மார்க்கெட் ஆர்டர் போட்டால் ஒரு பக்கத்துக்கு 0.05% கமிஷன் என்பது பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் சாதாரணம். அந்தக் கமிஷன் உங்கள் 40,000-க்குக் கணக்கிடப்படுவதில்லை, 20 லட்சத்துக்குக் கணக்கிடப்படுகிறது. நுழைய 1,000, வெளியேற 1,000. ஆக, கைக்கு வருவது 30,000. அதே 1.6% கீழே போனால்? 32,000 நஷ்டம், மீதி 8,000 உங்களுக்கு வரவேண்டும் என்றுதானே தோன்றும்? லிக்விடேஷன் கட்டணம், இன்சூரன்ஸ் ஃபண்ட் (தோற்றவர்களின் பற்றாக்குறையை ஈடுகட்ட எக்ஸ்சேஞ்ச் வைத்திருக்கும் நிதி) என்று அந்த மிச்சமும் பெரும்பாலும் போய்விடும். பூ விழுந்தால் 30,000 தருவேன், தலை விழுந்தால் 40,000 எடுத்துக்கொள்வேன் என்று தெருமுனையில் ஒருவன் காசு சுண்டினால் விளையாடுவீர்களா? 50 எக்ஸில் நீங்கள் நான்கு முறை விளையாடியது அந்த ஆட்டம்தான்.

இன்னொன்றும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீங்கள் எடுப்பது முடிவு தேதி இல்லாத பெர்பெச்சுவல் ஒப்பந்தம். 2016-ல் பிட்மெக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் கொண்டுவந்து பரவலாக்கிய சரக்கு இது. தேதி இல்லாததால் விலை ஸ்பாட் விலையை (காயினை நேரடியாக வாங்கும் விலையை) விட்டு விலகிப் போகாமல் இருக்க, பெரும்பாலும் 8 மணி நேரத்துக்கு ஒருமுறை லாங்காரர்களும் ஷார்ட்காரர்களும் (இறங்கும் என்று பந்தயம் கட்டியவர்களும்) ஒருவருக்கொருவர் ஃபண்டிங் என்ற தொகையைக் கட்ட வேண்டும். சாதாரண நாளில் 0.01%. கேட்டால் தூசி மாதிரி இருக்கும். 20 லட்சத்தில் அது 200 ரூபாய், ஒரு நாளைக்கு 600. ஒரு மாதம் பொசிஷனை வைத்திருந்தால் 18,000, அதாவது உங்கள் பணத்தில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு. எல்லோரும் லாங் பக்கம் சாய்ந்து சந்தை சூடாக இருக்கும்போது ஃபண்டிங் 0.1% வரை போனதெல்லாம் உண்டு. அப்போது நாளொன்றுக்கு 6,000. மீட்டர் வட்டிக்காரர்கூட இதைப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்.

'நிதானமாக ஆடினால்' என்று கேட்டீர்கள். நிதானமாக இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு 2025 அக்டோபர் 10-ஐச் சொல்லலாம். தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை இரவு நம் நேரம் எட்டரை மணி வாக்கில், சீனா மீது பெரிய வரி போடப்போகிறேன் என்று டிரம்ப் பதிவு போட்டார், சந்தை லேசாக ஆடியது. பிறகு சனிக்கிழமை அதிகாலை இரண்டரை மணியை ஒட்டி, கூடுதலாக 100% வரி என்று அடுத்த பதிவு. அடுத்த அரை மணி நேரத்தில் நடந்ததை இந்தியாவில் பெரும்பாலானவர்கள் தூக்கத்தில்தான் கடந்தார்கள். அன்றைக்கு 1,22,000 டாலரை ஒட்டி இருந்த பிட்காயின் 1,05,000-ஐ நெருங்கியது. ஆல்ட்காயின்கள் (பிட்காயின் அல்லாத மற்ற காயின்கள்) பலவும் சில நிமிடங்களுக்குப் பாதி விலைக்கும் கீழே போய் வந்தன. 24 மணி நேரத்தில் லிக்விடேட் ஆன பொசிஷன்களின் மதிப்பு 1,900 கோடி டாலருக்கு மேல், கணக்குகள் 16 லட்சம் அளவில் என்று காயின்கிளாஸ் தளம் காட்டியது. 1,900 கோடி என்பது பொசிஷன்களின் அளவு, மக்கள் கைவிட்ட மார்ஜின் அதைவிடக் குறைவு. யூடியூபில் இந்த இரண்டையும் குழப்பித்தான் தலைப்பு போடுகிறார்கள். ஆனாலும் அதுவரை வந்த எந்த நாளின் கணக்கையும்விட அது பெரியது.

அந்த இரவில் 3 எக்ஸ், 4 எக்ஸ் என்று அடக்கமாக ஆல்ட்காயின் வைத்திருந்தவர்களும் போனார்கள். ஸ்டாப் லாஸ் போட்டிருந்தால்? ஸ்டாப் லாஸ் என்பது இந்த விலை வந்தால் விற்றுவிடு என்ற ஆணை, அவ்வளவுதான். வாங்க ஆள் இருக்க வேண்டுமே. ஒருவரின் லிக்விடேஷன் விலையை இறக்கும், அந்த இறக்கம் அடுத்தவரை லிக்விடேட் செய்யும், அது இன்னும் இறக்கும். படிக்கட்டில் சரிகிற மூட்டை மாதிரி.

எனக்கு அதில் மிகக் கொடுமையாகப் பட்டது வேறு. இறங்கும் என்று சரியாகக் கணித்து ஷார்ட் எடுத்தவர்களுக்கும் அடி விழுந்தது. தோற்றவர்களின் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போய், இன்சூரன்ஸ் ஃபண்டும் பற்றாதபோது, ஜெயித்தவர்களின் பொசிஷனை எக்ஸ்சேஞ்ச் தானாகவே மூடிவிடும். ஆட்டோ டீலிவரேஜிங் என்பார்கள். பாதுகாப்புக்காக ஒரு பக்கம் லாங், மறுபக்கம் ஷார்ட் என்று வைத்திருந்தவர்களுக்கு, ஷார்ட் மூடப்பட்டு லாங் மட்டும் தனியாக நின்று கீழே போனது. பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சில் யுஎஸ்டிஇ என்ற டாலர் காயின், மற்ற இடங்களில் ஏறக்குறைய ஒரு டாலராகவே இருக்கும்போது, 65 சென்ட் வரை விழுந்தது. அதை ஈடாக வைத்திருந்தவர்கள் லிக்விடேட் ஆனார்கள். இதையும் இன்னும் இரண்டு காயின்களையும் ஈடாக வைத்தவர்களுக்கு 28 கோடி டாலர் அளவுக்கு இழப்பீடு தந்ததாக அந்த நிறுவனமே பிறகு அறிவித்தது. உங்களிடம் திறமை, நிதானம் எல்லாம் இருந்திருந்தாலும் அந்த இரவில் இதில் எதைத் தடுத்திருப்பீர்கள்?

பணம் பற்றவில்லை என்பதுதான் பிரச்சினை என்று இன்னும் தோன்றினால், 2025 மே மாதத்தில் ஜேம்ஸ் வின் என்ற பெயரில் இயங்கிய டிரேடரைப் பாருங்கள். ஹைப்பர்லிக்விட் தளத்தில் 40 எக்ஸில் 100 கோடி டாலருக்கும் மேலான பிட்காயின் லாங். எல்லோருக்கும் தெரியும்படி பிளாக்செயினில் கிடந்த பொசிஷன். பிட்காயின் 1,05,000-க்குக் கீழே வந்தபோது சில நாட்களில் கிட்டத்தட்ட 10 கோடி டாலர் காலி. அவருக்கும் மார்ஜின் போதவில்லை!

சரி, என் கதை. 2021 மே 19. தமிழ்நாட்டில் முழு ஊரடங்கு, ஆபீஸ் கிடையாது, கையில் போனும் சும்மா கிடக்கிற நேரமும். காலையிலிருந்தே இறங்கிக்கொண்டிருந்த பிட்காயினை மதியத்துக்கு மேல் 39,000 டாலர் பக்கத்தில் 10 எக்ஸில் லாங் எடுத்தேன். இதற்கு மேல் எங்கே இறங்கும் என்ற நினைப்பு. மாலை ஆறு மணிக்கு மேல் ஆறிப்போன டீயோடு பார்த்துக்கொண்டிருக்கும்போது கோடு செங்குத்தாக விழுந்தது. மார்ஜின் சேர்க்கலாம் என்று பட்டனை அழுத்தினால் ஆப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூடித் திறந்தேன். லாகின் கேட்டது. ஓடிபி வரவில்லை. வந்தபோது பொசிஷன் என்ற இடம் வெறுமையாக இருந்தது. 1,90,000 ரூபாய். பிட்காயின் 30,000 வரை போய்விட்டு, நான் ராத்திரி சாப்பிட்டு எழுவதற்குள் 37,000-க்கு மேல் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் எனக்கு அழுகையோ பயமோ வரவில்லை. ஒருவிதமான பெருமைதான் வந்தது. இன்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. 'பார்த்தியா, திரும்பி வரும்னு சொன்னேன்ல' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் நண்பரிடம் அம்மாவுக்கு மருந்துச் செலவு என்று பொய் சொல்லி 60,000 கைமாத்து வாங்கினேன். அது ஒன்பது நாள் தாங்கியது.

டானியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979-ல் எழுதிய ஆய்வின் சாரம் இங்கேதான் பொருந்துகிறது. லாபத்தில் இருக்கும்போது மனிதர்கள் கிடைத்ததைப் பத்திரப்படுத்தப் பார்க்கிறார்கள், நஷ்டத்தில் இருக்கும்போது அதை அழிக்கும் வாய்ப்புக்காக இன்னும் பெரிய ரிஸ்க் எடுக்கிறார்கள். சாதாரணப் பங்கு வாங்கியவனுக்கு இந்தக் குணம் மெதுவாகத்தான் வேலை செய்யும். லிவரேஜில் ஒரே இரவில் நாலு சுற்று வந்துவிடும். பங்குச்சந்தை மூன்றரை மணிக்கு மூடிவிடும், மனசு ஆற ஒரு ராத்திரி கிடைக்கும். கிரிப்டோவுக்கு மூடும் நேரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போன இடத்தில், கல்யாண வீட்டுப் பந்தியில், பைக்கை சிக்னலில் நிறுத்தியிருக்கும்போது என்று எல்லா நேரமும் கடை திறந்தே இருக்கிறது.

இந்தக் காட்சிகள் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது: போர்வைக்குள் வெளிச்சத்தைக் குறைத்து வைத்த போன், சாப்பாட்டு மேஜையில் கவிழ்த்து வைத்த போன், மூன்று மணிக்கு பாத்ரூம் போகிற சாக்கு. பிள்ளை ஏதோ கேட்கிறது, 'ம்' என்கிறோம், கேட்டது காதில் விழவில்லை. லாபத்தில் இருந்தால் ஊருக்கே பிரியாணி, நஷ்டத்தில் இருந்தால் சாம்பாரில் உப்பு இல்லை என்று கத்தல். வீட்டிலிருப்பவர்களுக்குக் காரணம் தெரியாது. அவர்கள் பார்வையில் நாம் காரணமில்லாமல் மாறிப்போன ஒரு மனிதன். நம்முடைய பொசிஷனுக்கு வட்டி கட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

ஆப்பின் வடிவமைப்பையும் கொஞ்சம் கவனியுங்கள். லாபம் வந்தால் பச்சையில் +312% என்று பெரிதாகக் காட்டி, அதைப் படமாக்கிப் பகிர ஒரு பட்டனும் தருவார்கள். விலை ஏறியது 6.24%தான், 50-ஆல் பெருக்கி 312 ஆக்குகிறார்கள். லிக்விடேஷனோ கறுப்பு வெள்ளையில் நாலு வரி மின்னஞ்சலாக வரும். டெலிகிராம் குழுக்களில் பச்சைப் படங்கள் மட்டும் நிறைந்திருப்பதற்குக் காரணம் அந்தப் பட்டன். குழு நடத்துகிறவர் உங்களுக்குக் கொடுத்த ரெஃபரல் லிங்க் வழியாகப் போனால், நீங்கள் கட்டும் கமிஷனில் அவருக்குப் பங்கு உண்டு. நீங்கள் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு வரும். எக்ஸ் கூடினால் கமிஷனும் கூடும். அவர் ஏன் '2 எக்ஸ் போதும் ப்ரோ' என்று சொல்லப்போகிறார்?

ஒப்பீட்டுக்கு நம் ஊர்க் கணக்கு ஒன்று. பங்குச்சந்தை எஃப் அண்ட் ஓ-வில் (பியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில்) 2021-22 முதல் 2023-24 வரையான மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் 93% பேர் நஷ்டம் கண்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடிக்கு மேல் என்று பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் சொன்னது. அங்கே கண்காணிப்பு இருக்கிறது, நேர வரம்பு இருக்கிறது, 50 எக்ஸ் கிடையாது. அப்படியும் இந்த நிலை. பிரிட்டன் 2021 ஜனவரியிலிருந்து சில்லறை முதலீட்டாளர்களுக்கு கிரிப்டோ டெரிவேடிவ் (பியூச்சர்ஸ் மாதிரியான ஒப்பந்தங்கள்) விற்பதையே தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2018-லேயே கிரிப்டோ சிஎஃப்டி (விலை வித்தியாசத்தின் மீதான) ஒப்பந்தங்களுக்கு 2 எக்ஸ்தான் உச்சம் என்றது. பைனான்ஸும் 125 எக்ஸ் வரை கொடுத்துவிட்டு, 2021 ஜூலையில் புதுக் கணக்குகளுக்கு 20 எக்ஸ் ஆகக் குறைத்தது.

இந்தியாவில் எஃப்ஐயு-வில் (மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில்) பதிவு பெற்ற எக்ஸ்சேஞ்ச் என்று விளம்பரம் செய்வார்கள். அந்தப் பதிவு கறுப்புப் பணத் தடுப்புக்கானது. உங்கள் பணத்துக்கு அது காப்பு கிடையாது. வரியில், 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு நேராக 30%, ஒரு காயினில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. பியூச்சர்ஸை எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதில் ஆடிட்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. எப்படியிருந்தாலும் கணக்கைக் காட்டாமல் விடாதீர்கள், நஷ்டம்தானே என்று நினைத்து விட்டவர்களுக்கு நோட்டீஸ் வந்து நான் பதில் எழுதியிருக்கிறேன்.

இப்போது சங்கிலிக்கு வருகிறேன். 6 பவுனுக்கு இன்றைய விலையில் 3 லட்சத்துக்கு மேலேயே கிடைக்கும். அடகுக்கடையில் ஒன்றரை வட்டி என்றாலும் ஆண்டுக்கு 18%. நீங்கள் எடுக்கப்போவது வட்டி ஏறுகிற பணத்தில், 30,000-க்கு 40,000 என்ற ஆட்டம். அதோடு இது மறைக்க வேண்டிய பணம். மறைத்த பணத்தோடு உட்காருகிறவனால் நிதானமாக ஆட முடியாது, வட்டி தேதி நெருங்க நெருங்க 20 எக்ஸ் 50 ஆகும், 50 நூறாகும். லிவரேஜை ஒழுங்காகப் பயன்படுத்துகிறவர்கள் இல்லாமல் இல்லை. கையில் இருக்கும் காயினுக்குப் பாதுகாப்பாக 1 எக்ஸ் ஷார்ட் எடுப்பவர்கள், மைனிங் (கம்ப்யூட்டர் வைத்துப் புதுக் காயின் எடுக்கும் வேலை) செய்பவர்கள் உண்டு. அவர்களில் யாரும் விட்டதைப் பிடிக்க வந்தவர்கள் இல்லை.

3,80,000-ஐ போனதாகவே எழுதுங்கள். மாதம் 10,000 வீதம் சேர்த்தால் மூன்று வருடம் இரண்டு மாதம். கேட்க எரிச்சலாக இருக்கும், ஆனால் இந்தக் கணக்கில் லிக்விடேஷன் விலை கிடையாது. 'இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று டெலிகிராமில் யாராவது வருவார்கள், கண்டிப்பாக வருவார்கள். முன்பணம் கேட்பார்கள். அவர்களிடமும் விட்டால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குத்தான் அழைக்க வேண்டியிருக்கும். ராத்திரி தூக்கம் வராமல், இருந்து என்ன ஆகப்போகிறது என்ற மாதிரி எண்ணம் ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தாலும் 14416-க்கு அழையுங்கள். அரசின் டெலி மானஸ் சேவை, இலவசம், இரவும் பகலும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.

அந்த 11,000-ஐ இன்றே வெளியே எடுங்கள். பி2பி-யில் (ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் முறையில்) முகம் தெரியாதவருக்கு விற்க வேண்டாம். எங்கோ மோசடியில் போன பணம் உங்கள் கணக்குக்கு வந்து, வேறு மாநில சைபர் போலீஸ் கடிதத்தில் சம்பளக் கணக்கே முடங்கி, மூன்று மாதம் அலைந்த ஒருவரை எனக்குத் தெரியும். பதிவு பெற்ற இந்திய எக்ஸ்சேஞ்சுக்கு மாற்றி, 1% டிடிஎஸ் போனாலும் பரவாயில்லை என்று விற்று, பேங்குக்குக் கொண்டுவாருங்கள். பியூச்சர்ஸ் கணக்கை மூடுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும்.

அப்புறம் வீட்டில் சொல்லுங்கள். சொல்லும்போது ஆர்டர் ஹிஸ்டரியைத் திறந்து போனையே அவர் கையில் கொடுத்துவிடுங்கள். நான் என் மனைவியிடம் சொன்ன அன்று தொகையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு இன்னும் எட்டு மாதம் ஆனது, அவள் இன்றுவரை கோபப்படுவது அந்த எட்டு மாதத்துக்குத்தான்.